வேலை இழந்தவரைத் தனியே விடாதீர்கள்!



2025 மே 20 அன்று கட்டுநாயக்கா சுதந்திர வர்த்தக வலயத்தில் நெக்ஸ்ட் ஆடைத் தொழிற்சாலை இழுத்து மூடப்பட்டது. 1,416 தொழிலாளர்கள் ஒரே நாளில் வேலை இழந்தார்கள்.

கட்டுநாயக்கா எங்கேயோ இருக்கிறது என்று தர்மபுரத்தில் நாங்கள் சும்மா இருக்க முடியாது. எங்கள் பிள்ளைகள் அந்த வலயங்களுக்கும் இரவு பஸ் ஏறுகிறார்கள்; அறிவியல் நகர்த் தொழிற்சாலைகளுக்கும் விடியமுன் போகிறார்கள். அவர்கள் தைக்கும் உடுப்பில் பெரும் பங்கு அமெரிக்காவுக்குப் போகிறது. அந்த நாடு 2025 ஏப்ரலில் 44 வீத வரியை அறிவித்து, ஓகஸ்டில் 20 வீதத்துக்கு இறக்கியது. ஓடர் குறைந்தால் லைன் நிற்கும். லைன் நின்றால் லீசிங் கட்டுப்பணம் நிற்கும். அடுத்த கிழமை கடன்காரர் படலையில் நிற்பார்.

அந்த நாள் வரும்வரை காத்திருக்கக் கூடாது. செய்ய வேண்டியவை இவை.

முதலில், கையெழுத்து. ஆட்களைக் குறைக்கும் நாளில் மேசைமேல் ஒரு கடிதம் வைக்கப்படலாம். சிங்களத்தில் அச்சிட்டிருக்கும், சொந்த விருப்பத்தில் விலகுவதாக எழுதியிருக்கும். வாசிக்கத் தெரியாத கடிதத்தில் ஒருவரும் கையெழுத்து வைக்கக் கூடாது. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் எங்கள் பக்கம் நிற்கிறது. 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில், 12 மாதத்துக்குள் 180 நாள் வேலை செய்தவரை, ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் நிறுத்துவதானால் அவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். அல்லது தொழில் ஆணையாளர் நாயகத்தின் முன் அனுமதி வேண்டும். இரண்டும் இல்லாமல் நிறுத்தினால் ஆறு மாதத்துக்குள் முறையிட வேண்டும். காலம் பிந்தினால் உரிமை போய்விடும்.

அடுத்தது, கணக்கு. ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதம், தொழிலாளி 8 வீதம். நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3 வீதம். ஐந்து வருடம் நிறைந்தவருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் பணிக்கொடை. சம்பளச் சிட்டைகளைச் சேர்த்து வையுங்கள். வீடு வீடாகப் போய்ப் பெயர், தொழில், சேவைக்காலம் மூன்றையும் ஒரு கொப்பியில் பதியுங்கள்.

மூன்றாவது, தொழிலுக்குச் சான்று. ஏழு வருடம் ஓவர்லொக் மெஷினில் இருந்த பிள்ளை, துணியைத் தொட்டதும் எந்த ஊசி, எந்த நூல் என்று சொல்லிவிடுவாள். ஆனால் அடுத்த வேலைக்குப் போகும்போது அதைக் காட்ட அவளிடம் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. திரும்பவும் பழகுநர் சம்பளத்தில் தொடங்குகிறாள். செய்து பழகிய வேலையைச் சோதித்துத் தேசியத் தொழில் தகைமைச் சான்றிதழ் கொடுக்கும் முறை நாட்டில் இருக்கிறது. கண்டாவளைப் பிரதேச செயலகத்துக்கு ஒவ்வொருவராக அலையாமல் நாற்பது பேராகப் போய்க் கேட்போம். வேறு தொழில் பழக விரும்பும் இளையவர்களை அறிவியல் நகர் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனத்துக்கு அழைத்துப் போவோம்.

நான்காவது, எங்கள் கோரிக்கை. பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையின் கதவைப் போர் மூடியது. கோஸ்டிக் சோடாவும் குளோரினும் செய்த கைகள் சிதறிப்போயின. 2025 வரவு செலவுத் திட்டத்தில் பரந்தனுக்கும் மாங்குளத்துக்கும் கைத்தொழில் வலயங்கள் அறிவிக்கப்பட்டன. அங்கே கதவு திறக்கும்போது வேலை இழந்த எங்கள் தொழிலாளர்களுக்கு முதல் இடம் வேண்டும். அரசியல்வாதியின் சிபாரிசுக் கடிதம் எங்களுக்கு வேண்டாம். எங்கள் பதிவுக் கொப்பியே பட்டியலாகட்டும்.

வேலை போனது எங்கள் பிள்ளையின் குற்றமல்ல. வெட்கப்பட்டு வீட்டுக்குள் இருப்பவளிடம்தான் வெளிநாட்டு ஏஜென்டும் வட்டிக்காரனும் முதலில் வருவார்கள். அவர்களுக்கு முன்னே நாங்கள் போய்ச் சேர வேண்டும்.

விசுவமடு, கல்லாறு, புளியம்பொக்கணைத் தோழர்களே! இந்த ஞாயிறு மாலை அவரவர் ஊர்ச் சனசமூக நிலையத்தில் கூடுங்கள். மாதர் சங்கத்தையும் இளைஞர் கழகத்தையும் அழையுங்கள். கொப்பியைத் திறந்து முதல் பெயரை எழுதுங்கள். திங்கட்கிழமை காலை பிரதேச செயலகத்தில் சந்திப்போம்!