நகராத கணினிக்கு எதற்கு வைஃபை?

பாரிசுக்குப் பக்கத்தில் இருக்கும் என் அக்காவுக்கு எண்பது தாண்டிவிட்டது. காது மந்தம். நான் பேசுவதைக் காதால் பாதி, என் உதட்டைப் பார்த்துப் பாதி என்றுதான் புரிந்துகொள்வாள். எனக்கோ கண்ணில் கோளாறு, கைபேசித் திரை போதாது. அதனால் ஞாயிறு மாலை மேசைக் கணினியில்தான் எங்கள் பேச்சு. சென்ற மாதம் வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை படம் அப்படியே நின்றுவிடும். "தம்பி, இருக்கியாடா?" என்று அவள் குரல் மட்டும் வரும். இந்த வயதில் அந்தக் கேள்வியைக் கேட்டுச் சிரிக்க முடியவில்லை.

இணைப்பு கொடுத்தவர்களிடம் சொன்னேன். வந்த பையன் கணினிப் பக்கமே போகாமல், "பெரிய பிளானுக்கு மாறிடுங்க சார், சரியாயிடும்" என்றான். இதைத்தான் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பெட்டிக்குப் பக்கத்தில் நின்று கைபேசியில் சோதித்தால், நான் பணம் கட்டும் 40 எம்பிபிஎஸ் முழுசாக வருகிறது. வீடியோவில் பேச 3, 4 இருந்தாலே தாராளம். பின்னறைக் கணினியில்தான் 1 கூடத் தேறவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் குமாஸ்தாவாக இருந்தவனுக்கு இது பழகிய வியாதி. தபால் ஆபீசுக்கு வந்து சேர்ந்துவிட்டது, மேசைக்கு மேசை நகரவில்லை. அதற்குத் தபால்காரர்களை இரட்டிப்பாக்கி என்ன பயன்?

இலுப்பூர் வீடு மாமனார் காலத்தது. சுண்ணாம்புக் காரை பூசிய ஒன்றரை அடிச் சுவர். வெயிலுக்கு இதம், வைஃபைக்கு எமன். பெட்டிக்கும் கணினிக்கும் நடுவே அப்படி இரண்டு சுவர், போதாததற்கு ஓர் இரும்பு பீரோ. பெட்டி 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு அலைவரிசையில் அனுப்புகிறது. 5 வேகமானது, ஆனால் சுவர் தாண்டுவதில் நோஞ்சான். கணினி அதைத்தான் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. 2.4-க்கு மாற்றினேன். கொஞ்சம் மூச்சு வந்தது.

அடுத்து, சிக்னல் பிடிக்கும் கட்டைவிரல் அளவு யுஎஸ்பி கருவி. அது கணினியின் முதுகில், தகரப் பெட்டிக்கும் சுவருக்கும் இடையே ஒளிந்திருந்தது. போதாக்குறைக்கு யுஎஸ்பி 3 துளையில் சொருகியிருந்தேன். அந்த வகை இணைப்பு எழுப்பும் இரைச்சல் இதே 2.4 அலைவரிசையில் விழும் என்று இன்டெல் நிறுவனமே 2012-இல் எழுதி வைத்திருக்கிறது. ஒரு மீட்டர் நீட்டிப்பு வயர் வாங்கி, கருவியை மேசைமேல் நிறுத்தினேன். கணினி காட்டும் சிக்னல் 34 சதவீதத்திலிருந்து 70-க்கு ஏறியது. செலவு நூற்றுச் சொச்சம்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். எனக்கு மனம் ஆறவில்லை.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். அப்போது வானொலிக்கு எங்கள் பாடத்தில் 'தே எஸ் எஃப்' என்று பெயர், அதாவது கம்பியில்லாத் தந்தி. 1890-இல் இரும்புத்தூள் நிரப்பிய கண்ணாடிக் குழாயைக் கொண்டு மின்னலைகளைப் பிடித்துக் காட்டிய பிரான்லியைப் பற்றி வாத்தியார் மணிக்கணக்கில் பேசுவார். மார்க்கோனி பெயரைச் சொல்லத்தான் அவருக்கு மனசு வராது. 1899-இல் ஆங்கிலக் கால்வாய் தாண்டிப் போன முதல் செய்திகளில் ஒன்று, மார்க்கோனி பிரான்லிக்கு நன்றி சொன்னதுதான் என்பதை மட்டும் மறக்காமல் சேர்த்துக்கொள்வார். கடலில் போகிற கப்பலுக்குக் கம்பி இழுக்க முடியாது, அதற்கு அந்த வித்தை தேவைப்பட்டது. என் கணினி ஒன்பது வருஷமாக மேசையை விட்டு ஓர் அங்குலம் நகர்ந்ததில்லை. அதற்கு எதற்குக் கம்பியில்லாத் தந்தி?

20 மீட்டர் லேன் வயர் வாங்கினேன். நூறு மீட்டர் வரை கூட இந்த வயர் தாங்கும். மேசைக் கணினிகள் அநேகமாக எல்லாவற்றிலும் பின்புறம், தொலைபேசிச் செருகியைவிடச் சற்றுப் பெரிதாக இதற்கென்று ஒரு துளை இருக்கிறது. என் கணினியில் இத்தனை நாள் அது தூசி தின்றுகொண்டிருந்தது. "ஏங்க, சுவரோரமா கொடி கட்டினாப்ல இருக்கே" என்றாள் வீட்டுக்காரி. நிலைப்படிக்கு மேலே ஆணியடித்து ஒதுக்கிவிட்டேன். சமாதானம் இன்னும் முழுசாக ஆகவில்லை.

போன ஞாயிறு ஐம்பது நிமிடம் பேசினோம். படம் ஒருமுறைகூட நிற்கவில்லை. அக்கா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, திரைக்குப் பக்கத்தில் வந்து பார்த்தாள்.

"பல் செட்டு போடலையாடா? அதான் ஒண்ணும் புரியல."