அன்னியப் பணம் யார் மடியில்?

உரிமை கேட்டுக் கிளம்பும் ஏழையைப் பார்த்து, "உனக்கு அன்னியப் பணம் வருகிறது" என்று பழிசொல்வது ஆளும் வர்க்கத்துக்கு வாடிக்கை. சரி தோழர்களே, அது யார் மடியில் விழுந்தது என்று கணக்குப் பார்த்துவிடுவோம்!

1975 ஜூன் 25 இரவு இந்திரா காந்தி சர்க்கார் அவசரநிலையைப் பிரகடனம் செய்தது. லட்சத்துக்கும் மேற்பட்டோர் சிறையில் தள்ளப்பட்டனர். அந்த செப்டம்பரிலேயே ஆலைத் தொழிலாளியின் குறைந்தபட்ச போனஸ் 8.33 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாக வெட்டப்பட்டது. 1976-77இல் மட்டும் 80 லட்சம் பேருக்கு மேல் கருத்தடை அறுவை. பல இடங்களில் போலீஸ் தடியின் நிழலில்! இதைக் கண்டு உலக வங்கியின் கடன் நின்றதா? நிற்கவில்லை. வங்கித் தலைவர் மக்னமாரா 1976இல் நேரிலேயே வந்து இந்தக் கருத்தடைத் திட்டத்தை மெச்சிவிட்டுப் போனார்.

அதே 1976இல், அதே சர்க்கார்தான் அன்னிய நன்கொடையைக் கட்டுப்படுத்தச் சட்டம் போட்டது. தான் வாங்கினால் உதவி. பிறர் வாங்கினால் சதி!

அப்படியானால் இயக்கங்களும் வாங்கட்டுமே என்பார்க்கு ஒரு வார்த்தை. திருவெண்ணெய்நல்லூர்க்காரருக்கு ஓலைக் கதை தெரியாததல்ல. மணப்பந்தலில் இருந்த சுந்தரரை, "உன் பாட்டன் எழுதித்தந்த ஓலை இது, நீ எனக்கு அடிமை" என்று ஒரு கிழவர் வழக்காடி ஜெயித்தது நம்மூர்ச் சபையில்தான். அந்தக் கிழவர் சிவபெருமான் என்பார்கள். வாஷிங்டனிலிருந்து ஓலை கொண்டுவருகிறவர் அப்படியல்ல!

வெளிப்பணத்தில் நடக்கும் சங்கம் கூலிக்காரனுக்குக் கணக்குச் சொல்லாது, பணம் அனுப்பியவனுக்கே சொல்லும். சாவியோ சர்க்கார் கையில். 2020இல் திருத்திய சட்டப்படி, எந்தக் கிராமத்துத் தொண்டு நிறுவனத்துக்கு வரும் அன்னிய நன்கொடையும் முதலில் டில்லியில் ஸ்டேட் பாங்கின் ஒரே கிளையில்தான் இறங்கவேண்டும். அங்கே மடையை அடைத்தால் இங்கே ஆபீசுக்குப் பூட்டு! பெரியசெவலை சர்க்கரை ஆலை வாசலிலும் நடவு வயலிலும் துண்டேந்தி வசூலிக்கும் காசை எந்த டில்லி அடைக்கும்?

பெரிய கட்சிகளுக்கோ வேறு நியாயம். வேதாந்தாவின் கம்பெனிகளிடம் நன்கொடை வாங்கிய காங்கிரசும் பாரதீய ஜனதாவும் இந்த அன்னிய நன்கொடைச் சட்டத்தை மீறியதாக 2014 மார்ச்சில் டில்லி ஹைகோர்ட் சொன்னது. தண்டனை வந்ததா? சட்டமே மாறியது! 2016இல் ஒரு முறை, அது போதாதென்று 2018 மார்ச்சில் மறுமுறை, பட்ஜெட் மசோதாவுக்குள் ஒரு வரியைச் செருகினார்கள். 1976 ஆகஸ்டு 5 முதல் இத்தகைய கம்பெனிகளிடம் கட்சிகள் வாங்கியது குற்றமல்ல என்று ஆகிவிட்டது. லோக்சபையில் விவாதமே கிடையாது.

இரண்டு மாதம் சென்றது. அதே வேதாந்தாவின் ஸ்டெர்லைட் ஆலையை மூடு என்று மே 22ஆம் தேதி தூத்துக்குடியில் மக்கள் திரண்டார்கள். போலீஸ் சுட்டது. மாண்டவர் 13 பேர்.