பிரெய்ரியும் பாடாலூரும்

பூகோள வகுப்பில் கனடா நாட்டுப் பிரெய்ரி சமவெளியைப் படித்தோம். கரிய மண், கோதுமை, இருப்புப்பாதை ஓரத்துத் தானியக் கிடங்குகள் எல்லாம் எங்களுக்கு மனப்பாடம். “சரி, பாடாலூர் மண்ணைப் பற்றி யாராவது சொல்லுங்கள்” என்றார் சிஸ்டர். வகுப்பே மௌனம்! மழைக்காலத்தில் அந்தக் கரிசலைக் காலில் அப்பிக்கொண்டுதான் எங்களில் பாதிப்பேர் பள்ளிக்கு வருகிறோம்.

மேற்கே பச்சைமலை. காவிரிப் பாசனம் நமக்கு இல்லை. மழையும் கிணறுமே கதி. மானாவாரியில் பருத்தியும் மக்காச்சோளமும், கிணற்றுப் பாசனத்தில் சின்ன வெங்காயமும் விளைகின்றன. மக்காச்சோளம் நாமக்கல் கோழிப் பண்ணைகளுக்குத் தீவனமாகப் போகிறது. வறண்ட பூமி என்று நம்மை ஏளனம் செய்வோர் உண்டு. நமக்குக் கிழக்கே உள்ள நிலம் பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் கிடந்தது என்பதை அவர்கள் அறியார் போலும். சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரத்தை 1940-இல் டாக்டர் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்தார். பக்கத்து ஊராகிய ஊட்டத்தூரின் பெயரைப் புவியியலார் ஒரு பாறைத் தொகுதிக்கே சூட்டியிருக்கின்றனர்.

பெருமை இருக்கட்டும், வெங்காயத்துக்கு வருவோம். எல்லாக் காட்டிலும் ஒரே சமயத்தில் அறுவடை. உடனே விலை விழுந்துவிடும். வட்டிக்கு வாங்கிப் பயிர் வைத்தவர் அன்றைக்கே விற்றாக வேண்டும். பட்டறை போட்டுச் சில மாதம் பொறுத்திருக்க முடிந்தவரே நல்ல விலை காண்கிறார்.

பிரெய்ரி உழவர்களும் இப்படித்தான் தவித்தனர். 1923-இல் ஆல்பர்ட்டாவிலும், 1924-இல் சஸ்காட்சுவானிலும் மானிடோபாவிலும் கூட்டுறவு அமைத்து, கோதுமையை ஒன்றாகச் சேர்த்து விற்றனர். சொந்தக் கிடங்குகளும் அமைத்துக்கொண்டனர். 1929-க்குப் பின் கோதுமை விலை சரிந்தபோது பெரும் நட்டம் வந்தது. ஆயினும் கிடங்குகள் அவர்கள் கையைவிட்டுப் போகவில்லை.

அதுபோல் ஊருக்கொரு பொதுப் பட்டறை வேண்டும் என்பதே எங்கள் கருத்து. கோதுமை தாங்கும், வெங்காயம் அழுகுமே என்று பெற்றோர்களாகிய நீங்கள் கேட்பீர்கள். “அடுத்தவர் வெங்காயத்தில் அழுகல் இருந்தால் நம்முடையதும் கெடுமே” என்று எங்கள் வீடுகளிலேயே கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆகவே வெங்காயத்தைக் கலக்க வேண்டாம். கூரை ஒன்றாகவும் அறைகள் தனித்தனியாகவும் இருக்கட்டும். வியாபாரியிடம் பேசுவது மட்டும் எல்லோருக்குமாக ஒருவர். ஒரு வண்டிச் சரக்குக்குப் பேரம் பேசுவதும் ஐம்பது வண்டிக்குப் பேசுவதும் ஒன்றாகுமா?

அடுத்த பட்டத்துக்குள் பத்துக் குடும்பங்களாவது கூடிப் பேசிப் பாருங்கள். கணக்கு நோட்டு எழுத நாங்கள் இருக்கிறோம்.