சலுகை கேட்டால் இடம் கிடைக்காதா?

பிள்ளையைத் தனியார் விடுதிப் பாடசாலையொன்றில் சேர்க்க விரும்பும் தோட்டத்துப் பெற்றோரை ஒரு கேள்வி வாட்டுகின்றது. கட்டணச் சலுகை வேண்டுமென்று விண்ணப்பத்தில் எழுதினால் பிள்ளைக்கு இடம் கிடைக்காமற் போய்விடுமோ? எழுதாமல் விட்டால், இடம் கிடைத்த பின் பணத்துக்கு எங்கே போவது? பசறை, மடுல்சீமை, லுணுகலைப் பகுதிகளில் பிள்ளையின் படிப்பைப் பற்றிக் கனவு காணும் பெற்றோருக்கு இது சின்ன விடயமல்ல. இதற்கு ஒளிவுமறைவற்ற பதில் தேவை.

சலுகை கேட்பது சில பாடசாலைகளில் அனுமதியைப் பாதிக்கும், சிலவற்றில் பாதிக்காது என்பதே உண்மையான பதிலாகும். இதன் காரணத்தை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். ஒரு விடுதியில் நாற்பது இடங்கள் உள்ளன என்றும், நான்கு பிள்ளைகளின் முழுச் செலவைத் தாங்கவே சலுகை நிதி போதும் என்றும் வைத்துக்கொள்வோம். அரிசியும் மரக்கறியும் வாங்க வேண்டும். ஆசிரியருக்கும் சமையற்காரருக்கும் மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும். முதலில் வரும் தகுதியான பிள்ளைகளை அதிபர் பணத்தைப் பாராமலே எடுத்துக்கொள்ளக்கூடும். நிதி முடிந்த பிறகு சமமான திறமையுடைய இரு பிள்ளைகள் வந்தால், கட்டணம் செலுத்தக்கூடிய பிள்ளைக்கே இடம் போகும். இதற்குக் கல்நெஞ்சம் காரணமல்ல, கணக்கே காரணம். ஆனால் அந்தக் கணக்கு பெற்றோருக்குச் சொல்லப்படாமல் இருப்பதுதான் அநீதி.

பெருஞ் செல்வம் படைத்த பாடசாலைகளுக்குக்கூட இது எளிதாக இருக்கவில்லை. அமெரிக்காவின் அன்டோவர் நகரிலுள்ள பிலிப்ஸ் அகாடமி 1778இல் தொடங்கிய விடுதிப் பாடசாலை. குடும்பத்தின் வசதியைப் பாராமல் மாணவரைத் தெரிவு செய்வது என்ற முடிவுக்கு அது 2007இல்தான் வந்தது. 1781இல் தொடங்கிய பிலிப்ஸ் எக்ஸெட்டர் அகாடமி 2021இல் அவ்வாறே அறிவித்தது. இருநூறு ஆண்டுகளுக்கு மேல் சேர்ந்த நிதியுள்ள இடங்களின் கதை இது. எமது நாட்டின் சிறிய விடுதிப் பாடசாலைகள் நாளையே அப்படிச் செய்யவேண்டுமென்று நாம் கேட்கவில்லை. ஆனால் அவற்றிடமிருந்து ஒரு பாடத்தைக் கற்றுக்கொள்ளலாம். பிள்ளையைத் தெரிவு செய்யும் மேசையும் பணத்தைத் தீர்மானிக்கும் மேசையும் வேறு வேறாக இருக்க வேண்டும்.

இந்தப் பாடம் எமக்குப் புதியதுமல்ல. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையில் இவ்விரண்டும் தனித்தனியேதான் நடக்கின்றன. பிரபல பாடசாலைக்கு அனுமதி கிடைப்பது வெட்டுப்புள்ளியைப் பொறுத்தது. மாத உதவிப் பணம் குடும்ப வருமானத்தைப் பொறுத்தது. வறுமையைச் சொன்னதற்காக எந்தப் பிள்ளையின் புள்ளியும் குறைவதில்லை. இந்த வகையில் அரசின் முறை நேர்மையானது.

ஆனால் அங்கே வேறொரு குறை இருக்கின்றது. அந்த உதவிப் பணத்தை 750 ரூபாவிலிருந்து 1,500 ரூபாவாக உயர்த்த 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டம் முன்வந்தது. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளமோ 2024 செப்டெம்பரில் 1,350 ரூபா என நிர்ணயிக்கப்பட்டிருந்தது. அதாவது, உயர்த்தப்பட்ட பின்னும் ஒரு மாதத்து உதவி அந்த நாட்கூலியைவிடச் சற்றே அதிகமாக இருந்தது. இதைக்கொண்டு மடுல்சீமைப் பிள்ளையொன்று பதுளையில் தங்கிப் படிக்க முடியுமா? அனுமதிக் கடிதம் வந்தும் விடுதி வசதியோ செலவுக்குப் பணமோ இல்லையென்றால் அது வெறும் காகிதமாகவே இருந்துவிடும்.

அனுமதியும் தங்குமிடமும் ஒன்றாகக் கிடைத்த காலமும் இருந்தது. கன்னங்கரா அவர்கள் கல்வி அமைச்சராக இருந்த காலத்தில் உருவான மத்திய கல்லூரிகளில், புலமைப்பரிசில் பெற்ற கிராமத்துப் பிள்ளைகள் விடுதியில் தங்கி உணவும் பெற்றுப் படித்தார்கள். 1945இல் இலவசக் கல்வியும் வந்தது. ஆனால் எமது பிள்ளைகள் அப்போது தோட்ட நிர்வாகத்தின் கீழிருந்த, ஆரம்ப வகுப்புகளோடு முடிந்துவிடும் பாடசாலைகளில் இருந்தார்கள். 1970களில் தோட்டங்கள் அரசுடைமையான பின்னரே அப்பாடசாலைகள் படிப்படியாக அரசின் பொறுப்புக்கு வந்தன. பிந்தி வந்த சமூகத்துக்கு விடுதி வசதி இன்னும் கூடுதலாகவே தேவைப்படுகின்றது. தனியார் விடுதிப் பாடசாலைகளின் கதவை எம்மவர்கள் தட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்படித் தட்டும் பெற்றோருக்கு நாம் சொல்வது, வசதியின்மையை மறைக்க வேண்டாம் என்பதே. மறைத்துச் சேர்த்த பிள்ளை இரண்டாம் தவணையில் கட்டணம் கட்ட முடியாமல் பெட்டியோடு வீடு திரும்ப நேரிடலாம். அந்தப் பிள்ளை பழைய பாடசாலையில் விட்ட பாடத்தையும் இழந்து, மனமும் ஒடிந்துபோகும். எனவே விண்ணப்பிக்கும் முன்னரே பாடசாலையிடம் கேளுங்கள்: சலுகை கேட்பது தெரிவைப் பாதிக்குமா? எத்தனை பேருக்குச் சலுகை உண்டு? கடைசித் திகதி எது? நிதி முடிந்த பின் வரும் விண்ணப்பம் எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும் வெறுங்கையோடு திரும்பலாம். ஒரு மாதச் சம்பளத் துண்டை மட்டும் கொடுக்காதீர்கள். மழைக்கும் வரட்சிக்கும் ஏற்ப வேலை நாட்கள் கூடிக் குறைவதால், பன்னிரண்டு மாதத் துண்டுகளையும் சேர்த்து வைத்திருங்கள். கிராம உத்தியோகத்தரின் வருமானச் சான்றிதழையும் நேரத்தோடு பெற்றுக்கொள்ளுங்கள். கொழும்பில் வேலை செய்யும் மூத்த பிள்ளை அனுப்பும் பணத்தையும் மறைக்காமல் எழுதுங்கள். உண்மை சொன்னவரின் விண்ணப்பமே அடுத்த ஆண்டும் நம்பப்படும். ஒரே பாடசாலையை மட்டும் நம்பியிராமல், அரச பாடசாலையில் கிடைக்கக்கூடிய இடத்தையும் கையில் வைத்திருங்கள்.

பாடசாலைகளை நடத்துவோரிடமும், குறிப்பாகத் திருச்சபைகளின் பொறுப்பிலுள்ள பாடசாலைகளிடமும் கேட்க வேண்டியவை உண்டு. சலுகை கேட்பது தெரிவைப் பாதிக்குமென்றால் அதை விண்ணப்பப் பத்திரத்திலேயே எழுதுங்கள். பாதிக்காதென்றால் அதையும் எழுதுங்கள். சலுகை விண்ணப்பம் தனிப் பத்திரமாக இருக்கட்டும். நேர்முகத் தேர்வு நடத்துவோர் கையில் அது போகாதிருக்கட்டும். படிப்புக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்துவிட்டு, முற்பணம், சீருடை, படுக்கை விரிப்பு, விடுமுறைப் பயணம் என்று பின்னால் ஒவ்வொன்றாகக் கேட்பது ஏழைக்குச் சலுகையாகாது. முழுச் செலவையும் ஒரே தாளில் காட்டுங்கள். இடம் உண்டு என்ற கடிதத்திலேயே உதவி எவ்வளவு என்பதையும் தெரிவியுங்கள். குடும்ப நிலை மாறாதவரை அந்த உதவி சாதாரண தரப் பரீட்சை வரை தொடருமென்ற உறுதியையும் கொடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, உதவி பெறும் பிள்ளை யாரென்று வகுப்பறைக்குத் தெரிய வேண்டாம்.

இதற்கெல்லாம் பணம் வேண்டும் என்பதை நாம் அறிவோம். கட்டடத்துக்கும் மணிக்கூண்டுக்கும் தாராளமாகக் கொடுக்கும் பழைய மாணவரும் நலன்விரும்பிகளும் சலுகை நிதிக்கும் கொடுக்க முன்வர வேண்டும். தோட்டத்துச் சங்கங்களும் திருச்சபைகளும் ஒரு பிள்ளையின் விடுதிச் செலவை ஐந்தாறு ஆண்டுகளுக்குப் பொறுப்பேற்கலாம். ஓராண்டு கொடுத்துவிட்டு மறந்துவிடும் உதவி, பிள்ளையை நடுவழியில் இறக்கிவிடும் பஸ்ஸைப் போன்றது.

சலுகை என்ற சொல்லே எம்மவரைக் கூச வைக்கின்றது. கூசத் தேவையில்லை. தலைமுறை தலைமுறையாக இந்நாட்டின் செல்வத்தைத் தம் முதுகில் சுமந்த மக்கள், தம் பிள்ளையின் படிப்புக்கு உதவி கேட்பது பிச்சையல்ல. நிமிர்ந்து நின்று கேட்போம். கேட்டதற்காக எந்தப் பிள்ளையும் பின்வரிசைக்குத் தள்ளப்படாதிருக்க, கொடுப்பவர்களும் தம் வாசலைச் சீர்செய்யட்டும்.