பெயரைச் சுருக்காதீர்கள், நிரலைத் திருத்துங்கள்

தங்காக்கில் நான் கற்பிக்கும் தமிழ் மாணவர்கள் பலரின் மைகார்டில் ‘ஏ/எல்’ அல்லது ‘ஏ/பி’ இருக்கும். அந்தச் சாய்கோடும் பெயரின் நடுவே வரும் இடைவெளியும் விண்டோஸ் பேட்ச் நிரல்களில் தொல்லை தருகின்றன. அதற்காகப் பெயரையே சுருக்கிவிடுவது சரியன்று என்பது என் கருத்து.

பேட்ச் நிரலின் பெயருக்குப் பின் நாம் தட்டச்சு செய்பவற்றை அது %1, %2 என வரிசையாக %9 வரை ஏற்றுக்கொள்ளும். இடைவெளி வந்தால் பிரித்துவிடும். ‘கவின் ஏ/எல் முருகன்’ என்று கொடுத்தால் %1இல் ‘கவின்’ மட்டுமே நிற்கும். முழுப்பெயரை இரட்டை மேற்கோள்குறிக்குள் கொடுங்கள். அது ஒரே உள்ளீடாகும். நிரலில் %~1 என்று எழுதினால் மேற்கோள்குறிகள் நீங்கிப் பெயர் மட்டும் கிடைக்கும்.

சாய்கோட்டுச் சிக்கல் பழையது. 1981இல் வந்த எம்எஸ்-டாஸ், கட்டளையின் விருப்பத்தேர்வுகளைக் குறிக்கச் சாய்கோட்டைப் பயன்படுத்தியது. 1983இல் இரண்டாம் பதிப்பில் கோப்புறைகள் வந்தபோது, அவற்றைப் பிரிக்கப் பின்சாய்கோட்டை எடுத்துக்கொண்டார்கள். இன்றும் ‘டிர் /பி’ என்றால் கோப்புப் பட்டியல் திரை திரையாக நின்று வரும். ‘டிர் /எல்’ என்றால் ஆங்கிலப் பெயர்கள் சிற்றெழுத்தில் வரும். கோப்பின் பெயரிலோ சாய்கோட்டுக்கு அனுமதியே இல்லை.

வழி எளிது. கோப்பின் பெயரில் மட்டும் சாய்கோட்டுக்குப் பதிலாகச் சிறுகோடு இடுங்கள். பதிவேட்டில் முழுப்பெயரே இருக்கட்டும். %~1 வெறுமையாக இருந்தால், மேலே செல்லாமல் பெயரைக் கேட்கும்படி நிரலை எழுதுங்கள்.

மாணவர்களே, பெயர் பெற்றோர் வைத்தது. நிரல் நாம் எழுதுவது. மாற வேண்டியது நிரல்தான்.