நாய் வளர்ப்போர் கடன்

தமிழ் மக்கள் நாயை நோக்கும் நோக்கு இருவகைப்பட்டது. ஒருவனை இழித்துரைக்க வேண்டின் 'நாயே' என்பர்; அடியவர் இறைவன்முன் தம்மைத் தாழ்த்திக் கூறுமிடத்து 'நாயேன்' என்பர். அம்மக்களுக்குரிய நாலடியாரோ, யானையை ஒத்தவரின் நட்பை விடுத்து நாயை ஒத்தவரின் நட்பைக் கொள்ளுக என்று அறிவுறுத்துகின்றது. நெடுநாட் பழகிய பாகனையும் யானை கொன்றுவிடும். தலைவன் எறிந்த வேல் தன் உடலில் தைத்திருக்கும்போதும் நாய் வால் குழைத்து நிற்கும் என்பது அந்நூல் காட்டும் காரணம். வைவதற்கும் நாய், நட்பிற்கு உவமை கூறுதற்கும் நாய்!

இவ்விரு நோக்கும் இன்று நம் சென்னை மாநகரில் ஒரே அடுக்ககத்தின் எதிரெதிர் வீடுகளில் குடியிருந்து பூசலிடுகின்றன. நாயைப் பிள்ளையெனப் பேணுவார் ஒருபால். அதன் குரல் கேட்டாலே நடுங்குவார் மற்றொருபால். இப்பூசலைத் தீர்க்கும் பொறுப்பிற் பெரும்பகுதி நாய் வளர்ப்போரையே சார்ந்தது என்பது எனது துணிபு. அதனை இயன்றவரை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மயிலாப்பூர், தியாகராயநகர், அடையாறு ஆகிய பகுதிகளில் முன்னாளில் தோட்டமும் கிணற்றடியும் உடைய வீடுகள் பல இருந்தன. நாய் வாயிலிற் கிடந்தது, எஞ்சிய சோற்றை உண்டது, இரவிற் குரைத்தது. அதன் வாழ்வு வீட்டின் புறத்தே கழிந்தது. அவ்வீடுகளிற் பல இடிக்கப்பட்டு அடுக்ககங்கள் எழுந்தபின், நாய் நான்காம் மாடிக்கு ஏறிவிட்டது. கூடத்திற் படுக்கின்றது, லிப்டில் இறங்குகின்றது, காலையில் எலியட்ஸ் கடற்கரையில் உலவுகின்றது. வீட்டின் உறுப்பாகிவிட்ட அதனைப்பற்றி நாளும் எழும் வினாக்கள் பலவாம். என்ன உணவு இடுவது? ஊருக்குச் செல்லுங்கால் யாரிடம் விடுவது? தீபாவளி இரவை எவ்வாறு கழிப்பது? குடியிருப்போர் சங்கம் என்ன சொல்லும்? இவ்வினாக்கள் யாவும் இறுதியில் ஒரு பெருவினாவிற் சென்று கூடுகின்றன: இவ்வுயிர்க்கும் என் அயலார்க்கும் நான் செய்யக் கடவது யாது?

முதற் கடன், நாய் வீட்டிற்கு வருமுன்னரே தொடங்குகின்றது. ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட் முதலியன பனி பெய்யும் நாடுகளுக்குரிய நாய்கள். கோடையில் வெயில் நாற்பது பாகையைக் கடக்கும் இந்நகரில் அவற்றை வளர்த்தல் அன்பாகுமா? நாய் மக்களைப்போல் உடலெங்கும் வியர்ப்பதில்லை. நாவை நீட்டி இரைத்தே தன் வெப்பத்தைப் போக்கிக் கொள்ளும். குறுமூக்குடைய பக் நாய்க்கோ அவ்வாறு இரைத்தலும் அரிது. 2003ஆம் ஆண்டில் ஒரு கைபேசி நிறுவனத்தின் விளம்பரத்தில் ஒரு சிறுவன் பின்னே பக் நாய் ஒன்று தொடர்ந்து சென்றது. அதனைக் கண்டோர் பலர்க்கு அவ்வகை நாயின்மேல் வேட்கை பிறந்தது. விளம்பரம் மறைந்தது, மூச்சுத்திணறல் நாய்க்கு நின்றது.

அற்றேல் நம் நாட்டு நாய்களைக் கொள்ளலாமன்றோ எனின், கொள்ளலாம். இராசபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்பன நம் தென்பாண்டிச் சீமையின் வெயிலிலே வளர்ந்த இனங்கள். இராசபாளைய நாயின் உருவத்தை இந்திய அஞ்சல் துறை 2005ஆம் ஆண்டில் தபால் தலையிற் பொறித்துச் சிறப்பித்தது. ஆயின் இவை ஓடுதற்கும் வேட்டைக்கும் காவலுக்கும் பயின்றவை. நாட்டு நாய் என்ற பெருமைக்காகச் சிப்பிப்பாறையை இரண்டறை வீட்டில் அடைத்து வைத்தலும் கொடுமையே. சிற்றில்லத்தில் வாழ்வார்க்கு, நம் தெருவிற் பிறந்த குட்டி ஒன்றே பெரும்பாலும் போதும். அதற்கு இவ்வூர் வெயிலும் மழையும் புதியன அல்ல, விலையும் இல்லை. 1959இல் தொடங்கப்பெற்ற புளூ கிராஸ் கிண்டியில் நடத்தும் காப்பகத்தில், வீடு தேடி நிற்கும் நாய்களை விரும்புவோர் பெற்று வளர்க்கலாம்.

இனி, வந்த நாய்க்குச் செய்யும் கடனைக் காண்போம். நம் இலையிலிருந்து ஒரு கவளம் எடுத்திடுவதே அன்பென்று பலர் கருதுகின்றனர். வெங்காயமும் பூண்டும் நாயின் குருதியைக் கெடுப்பன. திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லேட் அதற்கு நஞ்சு. குழம்புச் சோறு இடும் தாய்மார் இதனை நினைவிற் கொள்ளல் வேண்டும். குட்டிக்கு ஆறு அல்லது எட்டு வாரத்தில் முதல் தடுப்பூசியும், மூன்றாம் மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசியும், பின்னர் மருத்துவர் குறித்த காலந்தோறும் மறு ஊசியும் இடல் வேண்டும். உண்ணியைச் சிறிதென்று எண்ணலாகாது. அதனால் வரும் காய்ச்சல் கொழுத்த நாயையும் சில நாளில் வீழ்த்திவிடும். 1903ஆம் ஆண்டு முதல் நடைபெறும் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை வேப்பேரியில் உள்ளது. தியாகராயநகரை அடுத்த கண்ணம்மாபேட்டையில் மாநகராட்சியின் நாய் மருத்துவ நிலையம் உள்ளது. பொருளில்லை என்று ஊசியைத் தள்ளிப்போடுதல் தகாது.

கோடைப் பகலில் தார்ச்சாலை சுடும். நம் புறங்கையைச் சாலையின்மேல் சில நொடி வைத்துப் பொறுக்க இயலாதாயின், நாயின் பாதமும் அதனைப் பொறாது என்றறிதல் வேண்டும். தீபாவளி வெடியொலிக்கு அஞ்சி வீட்டை விட்டோடி வழி தவறும் நாய்கள் உள. அன்று மாலை விளக்கேற்றுமுன்னரே அதனை வெளியே உலாவச் செய்து, பின் சாளரங்களை அடைத்து, வீட்டார் ஒருவர் உடனிருத்தல் நலம்.

இவையனைத்தினும் பெரிய துன்பம் தனிமை. கணவனும் மனைவியும் அலுவலகம் செல்ல, பிள்ளைகள் பள்ளி செல்ல, பால்கனியிற் கட்டப்பட்ட நாய் பகலெல்லாம் குரைத்துக் கிடக்கின்றது. அயலார் அதனைத் தொல்லை என்கின்றனர். அஃது உண்மையில் அவ்விலங்கின் முறையீடு. இதனை நம் நாட்டுச் சட்டமே உணர்ந்துள்ளது. அச்சட்டத்திற்கு வித்திட்டவர் நம் அடையாற்றில் கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார். 1952இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பெற்ற அம்மையார், விலங்குகட்கு இழைக்கப்படும் கொடுமையைத் தடுக்கத் தனி மசோதா ஒன்றைக் கொணர்ந்தார். அரசாங்கமே அத்தகைய மசோதாவைக் கொணரும் என்று பிரதமர் நேரு உறுதி கூறவே, அம்மையார் தமதைத் திரும்பப் பெற்றார். அவ்வுறுதியின் பயனாக 1960ஆம் ஆண்டில் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. நெடுநேரம் குறுஞ்சங்கிலியிற் கட்டி வைத்தல் அதன்படி குற்றம். எப்பொழுதும் கட்டிவைத்தோ அடைத்தோ வளர்க்கும் நாயைத் தக்கவாறு உலவச் செய்யாமையும் குற்றம். வேறெவ்விலங்கின் பெயரையும் கூறாது நாயின் பெயரையே கூறி இவ்விதி அமைந்திருத்தலை நாய் வளர்ப்போர் எத்துணைப் பேர் அறிவர்?

அடுத்தது அயலார்க்குச் செய்யும் கடன். நாயைக் கண்டு அஞ்சுதல் குற்றமன்று. அஞ்சி ஒதுங்கும் குழந்தையை நோக்கி, "ஒன்றும் செய்யாது, வா" என்று நகைத்துக் கூறுவாரை நாம் நாள்தோறும் காண்கின்றோம். கடித்த நாய்களிற் பலவும் கடிக்கும்வரை ஒன்றும் செய்யாதவையே. 2024ஆம் ஆண்டு மே மாதம், ஆயிரம் விளக்குப் பகுதியில் மாநகராட்சிப் பூங்கா ஒன்றில் இரண்டு ராட்வீலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறின. 2025ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், ஜாபர்கான்பேட்டையில் பிட்புல் நாய் கடித்து ஒருவர் உயிர் துறந்தார். இவை தெருநாய்கள் அல்ல, வீட்டு நாய்கள். கழுத்தில் வாரும், அதன் முனையைப் பற்றிய வலிய கையும், வேண்டுமிடத்து வாய்மூடியும் இன்றி எந்நாயும் பொதுவிடத்திற்கு வருதல் கூடாது.

நாய்க்கடியால் வரும் வெறிநோய் தோன்றியபின் பிழைத்தார் மிக அரியர். பாஸ்டர் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1885இல் இதற்கு ஊசி கண்டார். நம் குன்னூரில் 1907இல் அவர் பெயரால் நிலையம் எழுந்தது. அங்ஙனமிருந்தும், உலகில் இந்நோயால் மாள்வாரில் மூன்றிலொரு பங்கிற்கு மேற்பட்டோர் இந்தியர் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகின்றது. வீட்டு நாய் கடித்தாலும், கீறினாலும், புண்ணைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவரை அடைதல் வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் இதனைத் தடுக்கமாட்டா.

இன்னுமொன்று கூறுதற்குக் கூசுவதாயினும் கூறாது விடலாகாது. மயிலை மாடவீதிகளில் திருவிழாக் காலத்தில் மக்கள் வெறுங்காலுடன் நடக்கின்றனர். விடியலில் பெண்டிர் வாசல் தெளித்துக் கோலமிடுகின்றனர். அவ்விடத்தே தம் நாயை இருத்தி, வானத்தை நோக்கி நிற்கும் கனவான்கள் உளர். ஒரு பழந்தாளைக் கையிற் கொண்டு சென்று கழிவை எடுத்து அகற்றுதல் இழிதொழிலன்று. நாயின்மேல் மக்களுக்குள்ள வெறுப்பிற் பாதி, நாயை வளர்ப்பவன் குனிய மறுத்ததனால் விளைந்தது.

இவ்வெறுப்பினால் சில குடியிருப்புச் சங்கங்கள் 'நாய் வளர்த்தலாகாது' என்றும், 'லிப்டில் ஏற்றலாகாது' என்றும் தீர்மானம் இயற்றுகின்றன. இஃது ஏற்புடைத்தன்று. பெரும்பான்மை வாக்கினாலும் அவ்வாறு தடை செய்தல் இயலாதென்று இந்திய விலங்குநல வாரியம் 2015ஆம் ஆண்டின் வழிகாட்டுதலிற் கூறியுள்ளது. 1962இல் ருக்மிணி தேவியாரையே முதல் தலைவராகக் கொண்டு சென்னையில் எழுந்து, 2018இல் ஹரியானாவிற்கு மாறிய வாரியம் அது. நாய் வளர்ப்போர் இவ்வழிகாட்டுதலைக் கேடயமாகக் கொள்ளலாம், வாளாகக் கொள்ளலாகாது. லிப்டினுள் முதியவரோ குழந்தையோ அஞ்சி நின்றால், ஒருமுறை காத்திருந்து ஏறுவதனால் நம் உரிமை குறைந்துவிடாது.

நகர்க்குச் செய்யும் கடன் உரிமம் பெறுதல். 2025ஆம் ஆண்டின் இறுதியில் சென்னை மாநகராட்சி, வளர்ப்பு நாய்கட்கு உரிமமும் மைக்ரோசிப்பும் கட்டாயமென வற்புறுத்தி, உரிமம் பெறாதார்க்கு 5,000 ரூபாய் தண்டம் என்று அறிவித்தது. உரிமக் கட்டணமோ 50 ரூபாய். 'இஃதென்ன புதுத்தொல்லை' என்று முணுமுணுத்தோர் பலர். அவர்கட்கு ஒன்று கூறுவேன். வெளிநாடு செல்கின்றோம், வீடு மாறுகின்றோம், குழந்தை பிறந்துள்ளது, நாய் கிழடாயிற்று என்றெல்லாம் காரணம் கூறி, வளர்த்த நாயை வேற்றிடத்திற் கொண்டுபோய் விட்டு வருவாரும் நம்மிடையே உளர். தெருவிற் பிறந்த நாய்க்குத் தெருவே வீடு; வீட்டில் வளர்ந்த நாய்க்கோ தெரு ஒரு காடு. உணவு தேட அறியாது, பிற நாய்களின் பகைக்கு அஞ்சி, ஒவ்வொரு காரையும் தன் தலைவன் காரென்று எண்ணி ஓடும் அதன் நிலை கல்லையும் கரைக்கும். அதன் தோலினடியிற் சிப் இருக்குமாயின், அது யாருடைய நாயென்பது உடனே தெரியவரும். ஆதலின் உரிமம் நாய்க்கே உற்ற துணையாகும்; அதனை வெறுத்தற்குக் காரணமில்லை.

ஆயினும் ஈண்டு ஒரு முரண் உளது. உயிரைப் பசிக்கும் நீர்வேட்கைக்கும் இரையாகக் கைவிடுதல் 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றம். முதன்முறை அதனைச் செய்தார்க்கு விதித்த தண்டம் பத்து ரூபாய் முதல் ஐம்பது ரூபாய் வரை. உரிமச் சீட்டுப் பெறாதவன் ஐயாயிரம் கொடுக்க, ஓருயிரைத் தெருவில் எறிந்தவன் ஐம்பதோடு போகின்றான்! சீட்டிற்குரிய தண்டத்தைக் குறைக்க வேண்டுமென்று யான் கூறவில்லை. கைவிடுதற்குரிய தண்டத்தை நாடாளுமன்றம் உயர்த்துதல் வேண்டும். அதுகாறும், ஐம்பது ரூபாய்க்கு அஞ்சி எவனும் நன்னெறியில் நில்லான். தன் மனச்சான்றிற்கு அஞ்சியே நிற்றல் வேண்டும். வேண்டாத குட்டிகளைத் தெருமுனையில் விட்டு வருவாரும் இக்குற்றத்திற்கு உரியரே. பெட்டை நாய் ஏறத்தாழ அறுபத்து மூன்று நாளிற் குட்டிகள் பல ஈனும். தக்க பருவத்திற் கருத்தடை செய்வித்தால் இப்பழி நேராது.

நம் கல்லூரித் தோழருட் பலர் நாய்க்குட்டி ஒன்று வேண்டுமென்று வீட்டில் வழக்காடுவதை யான் அறிவேன். அவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்பாராக. நாயின் ஆயுள் ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டு. இன்று பத்தொன்பது வயதினராகிய நமக்கு அது முதுமை எய்தும்பொழுது முப்பத்தொன்று ஆகும். அதற்குள் பட்டமும், வேலையும், திருமணமும், பிற ஊரும் நம் வாழ்வில் வந்துவிடும். அவை யாவும் வரும்பொழுதும் இந்நாய்க்கு என் வீட்டில் இடமுண்டு என்று உறுதி கூற வல்லவன் இன்றே குட்டியைக் கொணர்க; பெல்ட்டும் ஊசியும் உரிமமும் உடன் கொள்க. உறுதி கூற இயலாதவன், தன் தெரு நாய்க்குக் கோடையில் ஒரு கலம் நீர் வைத்து, அதற்கு ஊசி இடப்பட்டதா என்று கேட்டறிந்து வருவானாக. அதுவும் அன்பே, அதில் ஏமாற்றமும் இல்லை.