பலன் மட்டும் வேண்டும், பங்கு வேண்டாமா?



"நம்மை எலியாக்கப் பார்க்கிறார்கள்." சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், மனச்சோர்வு என எந்த நாள்பட்ட நோயைப் பற்றிய மருத்துவ ஆய்வுக்கு அழைப்பு வந்தாலும் நம் தெருக்களில் முதலில் எழும் குரல் இதுதான். ராஜபாளையத்திலிருந்தும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தும் மேல்சிகிச்சைக்கு மதுரைக்குச் செல்கிறோம். அங்கே மருத்துவர் 'ஆய்வு' என்ற சொல்லை எடுத்த மாத்திரத்தில் நாற்காலியை விட்டு எழுந்துவிடுகிறோம். பிறகு அதே கையோடு மருந்துக் கடைக்குப் போய், முன்பின் அறியாத யாரோ சிலர் தம் உடலைத் தந்து நிரூபித்துக் கொடுத்த மாத்திரையை வாங்கி, பிஸ்மில்லாஹ் சொல்லி விழுங்குகிறோம்.

பிறர் உடலில் சோதித்த மருந்தின் பலன் நமக்கு வேண்டும். அந்தச் சோதனையில் நமக்குப் பங்கு வேண்டாம். இந்த நிலைப்பாட்டை நாம் எச்சரிக்கை என்கிறோம், சிலர் தவக்குல் என்றும் சொல்கிறோம். இது இரண்டிலும் சேராது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

நாம் பட்டிருக்கும் கடன்

1956-இல் சென்னையில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. காசநோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரித்து, சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வைத்து, நல்ல உணவும் ஓய்வும் தந்தால்தான் பிழைப்பார் என்று உலகம் நம்பியிருந்த காலம் அது. சென்னையின் ஏழை நோயாளிகள் ஏறத்தாழ 200 பேர் அந்த மையத்தின் ஆய்வுக்கு இசைந்தனர். ஒரு பிரிவினர் சானடோரியத்திலும், மறுபிரிவினர் நெரிசல் மிகுந்த தம் வீடுகளிலிருந்தபடியும் ஒரே மருந்துகளை ஓராண்டு உட்கொண்டனர். 1959-இல் முடிவு வெளியானது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமடைந்திருந்தனர். அவர்களுடைய குடும்பத்தாருக்கு அதனால் கூடுதல் ஆபத்தும் ஏற்படவில்லை. இன்று நம் ஊர் அரசு மருத்துவமனையில் காசநோய்க்கு மாத்திரை வாங்கிக்கொண்டு ஒருவர் தம் பிள்ளைகளோடு வீட்டிலேயே இருக்க முடிகிறதென்றால், அதற்கு வழி திறந்தவர்கள் பெயர் தெரியாத அந்த ஏழைகள். அந்த மையமே இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இயங்குகிறது.

சர்க்கரை நோய்க்கும் இதே கதைதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த நாடு தழுவிய கணக்கெடுப்பின் முடிவு 2023-இல் வெளியானது. இந்தியாவில் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை நோய், மேலும் 13 கோடியே 60 லட்சம் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள் என்று அது மதிப்பிட்டது. வாசலில் நிற்பவரைத் தடுத்து நிறுத்த முடியுமா? இக்கேள்விக்கு நம் நாட்டு உடல்வாகுக்கு ஏற்ற விடையைத் தந்தது, மருத்துவர் அ. ராமச்சந்திரன் தலைமையில் சென்னையில் நடந்து 2006-இல் வெளியான ஆய்வு. அதில் 531 பேர் பங்கேற்றனர். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 100-க்கு 55 பேருக்கு மூன்றே ஆண்டுகளில் சர்க்கரை நோய் வந்துவிட்டது. உணவையும் நடைப்பயிற்சியையும் தொடர்ந்த கண்காணிப்போடு கடைப்பிடித்தவர்களில் அது ஏறக்குறைய 39 பேர். அதாவது, 100 பேரில் 16 பேர் அந்த மூன்று ஆண்டுகளில் நோயிலிருந்து தப்பினர். ஐரோப்பியர் உடலை மட்டும் பார்த்து எழுதிய நூலிலிருந்து இந்த எண்ணை எடுக்க முடியாது.

நோன்பாளியைத் தவிர வேறு யார் சொல்வது?

மற்ற எல்லாவற்றிலும் பிறர் தரும் அறிவை வாங்கிக்கொண்டு காலத்தை ஓட்டிவிடலாம். ஒன்றில் மட்டும் அது நடக்காது. இன்சுலின் போட்டுக்கொள்ளும் ஒருவர் ஸஹருக்கும் இஃப்தாருக்கும் இடைப்பட்ட பதின்மூன்று, பதினான்கு மணி நேரம் தண்ணீர்கூட அருந்தாமல் இருந்தால் அவர் உடலில் என்ன நடக்கும்? நோன்பு நோற்காத எவரிடமும் இந்தக் கேள்விக்கு விடை கிடையாது. முஸ்லிம்கள் ஆய்வுக்கு வராவிட்டால் இந்த அறிவு உலகில் பிறக்கவே போவதில்லை.

நல்லவேளையாக, சிலர் வந்தார்கள். முஸ்லிம்கள் பெருமளவில் வாழும் 13 நாடுகளில் 12,000-க்கும் மேற்பட்ட சர்க்கரை நோயாளிகளிடம் 2001-ஆம் ஆண்டு ரமளானைப் பற்றித் தகவல் திரட்டிய 'எபிடியார்' ஆய்வு 2004-இல் வெளியானது. இரண்டாம் வகை சர்க்கரை நோயாளிகளில் 100-க்கு 79 பேர் குறைந்தது 15 நாள்களாவது நோன்பு நோற்றிருந்தனர். மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய அளவுக்குச் சர்க்கரை சட்டென்று தாழ்ந்துபோகும் ஆபத்து அவர்களுக்கு மற்ற மாதங்களை விட 7.5 மடங்கு கூடியிருந்தது. நோன்புக் காலத்தில் மாத்திரையின் நேரத்தையும் அளவையும் மாற்றிக்கொள்ளாதவர் பலர் இருந்ததும் தெரியவந்தது.

இன்று பன்னாட்டு நீரிழிவு நோய்க் கூட்டமைப்பு ரமளானுக்கென்றே வழிகாட்டி வெளியிடுகிறது. யார் நோன்பு நோற்கலாம், யார் தவிர்க்க வேண்டும், எந்த மருந்தை இஃப்தாருக்கு மாற்ற வேண்டும், எந்த அளவில் நோன்பை உடனே முறித்தாக வேண்டும் என்றெல்லாம் அது வகுத்துச் சொல்கிறது. நோயாளிக்கு அல்லாஹ் தன் வேதத்திலேயே சலுகை அளித்திருக்கிறான். அந்தச் சலுகைக்கு உரியவர் யார் என்பதை ஆலிமும் மருத்துவரும் சேர்ந்து தெளிவாகச் சொல்ல வழி செய்தவர்கள், அன்று கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதிலளித்த அந்தச் சாதாரண நோயாளிகள். நம் அத்தாமார்களும் அம்மாமார்களும் ரமளானில் மயங்கி விழாமல் இருப்பதற்காக, முகமறியாத முஸ்லிம்கள் செய்த உதவி அது. நமக்குப் பின் வருவோருக்கு நாம் என்ன செய்யப் போகிறோம்?

மனநோய்: மூடி வைத்ததன் விலை

உடல் நோயையாவது வெளியே சொல்கிறோம். மனநோயை வீட்டுக்குள் பூட்டுகிறோம். "ஜின் பிடித்திருக்கிறது", "கண்ணேறு பட்டிருக்கிறது" என்று ஓதிப் பார்ப்பதிலேயே ஆண்டுகளைக் கழிக்கிறோம். பெண் கேட்டு வருபவர்களுக்குத் தெரிந்துவிடுமே என்ற அச்சம் வேறு.

இதன் விலை என்ன என்பதை 2001 ஆகஸ்டு 6 அதிகாலையில் ஏர்வாடியில் கண்டோம். தர்காவைச் சுற்றிப் பெருகியிருந்த தனியார் மனநலக் காப்பகங்களில் ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த நோயாளிகள் தப்பி ஓட வழியின்றி 28 பேர் உயிரிழந்தனர். தர்காவுக்குச் செல்வது பற்றிய விவாதத்தை இங்கே எழுப்ப விரும்பவில்லை. அவர்களை அங்கே கொண்டுபோய் விட்டவர்களில் பலர் வேறு வழி அறியாத குடும்பத்தார் என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன்.

வேறு வழி இருந்தது. 1981-லேயே சென்னையில், மனச்சிதைவு முதன்முறையாகத் தாக்கிய 90 பேரைச் சேர்த்து ஓர் ஆய்வு தொடங்கியது. மருத்துவர் தாராவும் அவருடைய சகாக்களும் அவர்களைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தனர். பத்தாண்டுகள் கழிந்தபோது அவர்களில் பெரும்பாலோரிடம் நோய்க்குறிகள் தணிந்திருந்தன. 'தீராத பைத்தியம்' என்று ஊர் ஒதுக்கும் நோயில் இது எவ்வளவு பெரிய செய்தி! பின்னர் காஞ்சிபுரம், கோவா, சத்தாரா ஆகிய மூன்று இடங்களில் 282 பேரிடம் நடந்த ஆய்வொன்று 2014-இல் வெளியானது. மருத்துவமனைச் சிகிச்சையோடு, பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர் வீடு தேடி வந்து உதவினால், மருத்துவமனைச் சிகிச்சை மட்டும் பெறுவதைவிட ஓரளவு கூடுதல் பலன் கிட்டுகிறது என்று அது காட்டியது. நம் மஹல்லாவில் படித்துவிட்டு வீட்டிலிருக்கும் ஒரு சகோதரி கற்றுக்கொண்டு செய்யக்கூடிய பணி அது. இந்த அறிவெல்லாம் சில குடும்பங்கள் வெட்கத்தை ஒதுக்கி வைத்துவிட்டுப் பங்கேற்றதால் வந்தது.

எதிர்வாதங்களுக்குப் பதில்

"தவக்குல் இருந்தால் போதாதா?" என்கிறார்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு இறைவனிடம் பொறுப்பை ஒப்படைக்கும்படி கற்றுத் தந்தவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். மருத்துவம் செய்துகொள்ளலாமா என்று கேட்ட கிராமவாசிகளுக்கு, செய்துகொள்ளும்படியே வழிகாட்டினார்கள். முதுமையைத் தவிர எல்லா நோய்க்கும் அல்லாஹ் நிவாரணம் வைத்திருக்கிறான் என்பதையும் உணர்த்தினார்கள். வைக்கப்பட்டிருக்கும் நிவாரணத்தை யாராவது தேடத்தானே வேண்டும்? தேடும் முறையிலும் நம் முன்னோர் முந்தியிருக்கிறார்கள். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அபூபக்ர் அர்ராஸீ, மூளைக்காய்ச்சல் அறிகுறி கண்டவர்களில் ஒரு பிரிவினருக்கு இரத்தம் குத்தி எடுத்தார். மறுபிரிவினரை வேண்டுமென்றே அவ்வாறு செய்யாமல் விட்டு ஒப்பிட்டுப் பார்த்தார். இப்னு ஸீனா மருந்தைச் சோதிப்பதற்கான விதிகளைத் தம் நூலில் வகுத்தார். இவர்களின் பெயரை மேடையில் முழங்குகிறோம். இவர்களின் வழியை வாசலில் கண்டால் கதவைச் சாத்துகிறோம்.

"ஏழைகளை ஏமாற்றுகிறார்களே?" என்பது இரண்டாம் வாதம். இதில் உண்மை உண்டு. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி குறித்து ஆந்திரத்திலும் குஜராத்திலும் சிறுமிகளிடம் நடந்த ஆய்வு 2010-இல் நிறுத்தப்பட்டது. பெற்றோர் இட வேண்டிய கையொப்பத்தை விடுதிக் காப்பாளர்களும் தலைமையாசிரியர்களும் இட்டிருந்ததை 2013-இல் நாடாளுமன்றக் குழு கடுமையாகக் கண்டித்தது. இப்படிப்பட்டவற்றை மறக்கச் சொல்லவில்லை. ஆனால் அந்த அநீதிகளுக்கு எதிராகப் போராடியவர்கள் ஆய்வே வேண்டாமென்று ஒதுங்கிவிடவில்லை. கேள்வி கேட்டார்கள், வழக்குத் தொடுத்தார்கள், விதிகளை மாற்ற வைத்தார்கள்.

அதனால் இன்று 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனை விதிகள் நம் கையில் உள்ளன. மருந்துச் சோதனையில் சேருமுன் நமக்குப் புரியும் மொழியில் எழுத்து மூலம் விளக்கம் தந்து ஒப்புதல் பெற வேண்டும். படிக்கத் தெரியாதவருக்குப் பாரபட்சமற்ற சாட்சி உடனிருக்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம். அதனால் வழக்கமான சிகிச்சை தடைபடக் கூடாது. சோதனையால் பாதிப்பு நேர்ந்தால் இலவசச் சிகிச்சையும் இழப்பீடும் உண்டு. நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் தொடங்கவே முடியாது. இந்திய மருத்துவச் சோதனைகள் பதிவேட்டில் ஒவ்வொரு மருந்துச் சோதனையும் பதிவாகியிருக்க வேண்டும். அதை எவரும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

கேட்க வேண்டியவற்றைக் கேளுங்கள். பதிவு எண் என்ன? புதிய மருந்தா, அல்லது கேள்வி கேட்டு இரத்தம் எடுப்பது மட்டும்தானா? மாத்திரை உறையிலுள்ள ஜெலட்டின் எதிலிருந்து எடுத்தது? ரமளானில் மருந்து நேரம் எப்படி மாறும்? பெண்களுக்குப் பெண் மருத்துவர் உண்டா? என் பெயர் வெளியே போகுமா? திருப்தியான பதில் இல்லையென்றால் மறுத்துவிடுங்கள். அது உங்கள் உரிமை. கேட்காமலே மறுப்பதும், படிக்காமலே கையொப்பமிடுவதும் ஒரே அறியாமையின் இரு முகங்கள்.

ஜமாஅத்துகளுக்கு ஒரு வேண்டுகோள்

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் தறிகள் காயத்துக்குக் கட்டும் துணியை நெய்கின்றன. அது யாருடைய காயத்தை மூடப் போகிறது என்று நெய்பவருக்குத் தெரியாது. ஆனாலும் அதன் பயன் போய்ச் சேர்கிறது. ஆய்வில் பங்கேற்பதும் அத்தகையதே. நாம் மறைந்த பிறகும் பிறர் பயன்பெறும் அறிவை விட்டுச் செல்வது ஸதகத்துல் ஜாரியா என்று நாமே பயான் செய்கிறோம். அந்த நன்மைக்குச் செல்வந்தராக இருக்க வேண்டியதில்லை. ஒரு சிறு குழாய் இரத்தமும் அரை மணி நேர உண்மையான பதிலும் போதும்.

நம் இரு ஊர்களின் பள்ளிவாசல் நிர்வாகிகள் ஆண்டுக்கு இருமுறையாவது, ரமளானுக்கு முன் ஒருமுறை நிச்சயமாக, மருத்துவரையும் ஆலிமையும் ஒரே மேடையில் அமர்த்தட்டும். ஆய்வுக்கென்று யாரேனும் ஊருக்குள் வந்தால், விரட்டுவதற்கு முன் அவர்களின் பதிவு எண்ணையும் நெறிமுறைக் குழு அனுமதியையும் சரிபார்க்கப் படித்த இளைஞர் இருவரை நியமிக்கட்டும். ஒப்புதல் படிவத்தை வாசித்து விளக்க, பெண்கள் பகுதியில் ஒரு சகோதரி இருக்கட்டும். இதற்குப் பெரும் செலவு எதுவும் ஆகாது.

நோயைத் தந்து நம்மைச் சோதிக்கும் வல்ல அல்லாஹ், அதன் நிவாரணத்தைத் தேடுவோர் கூட்டத்தில் நம்மையும் சேர்ப்பானாக. நம்மில் நோயுற்றிருக்கும் அனைவருக்கும் பூரண ஷிஃபாவை அளிப்பானாக. ஆமீன்.